சிர்கோனியா பிரிட்ஜ் ஒட்டிய அனுபவம்

மேல் வெட்டுப்பல் ஒன்று பிறவியிலேயே முளைக்காத ஓர் இளைஞருக்கு, ஒற்றை இறக்கை வைத்த சிர்கோனியா பிரிட்ஜ் ஒட்டினேன். சிர்கோனியா என்பது கண்ணாடி கலக்காத கடினமான செராமிக்; பிரிட்ஜ் என்பது பக்கத்துப் பல்லைப் பிடித்து நிற்கும் பொய்ப்பல். நல்ல பல்லைச் சுற்றிலும் அரைத்து கேப் போட அவருக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. ஆனால் இந்த வகை பிரிட்ஜை, பக்கத்துப் பல்லின் உட்புற எனாமலில் ஒட்டும் மெல்லிய இறக்கைதான் தாங்க வேண்டும். ஒட்டு விட்டால் எல்லாமே விட்டது.

கண்ணாடி கலந்த செராமிக் என்றால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வைத்துவிட்டு செராமிக்கை ஒட்டுப்பிசினோடு பிணைக்கும் சிலேன் தடவலாம். சிர்கோனியாவில் அந்த அமிலம் அரிக்கக் கண்ணாடி இல்லை, சிலேன் பிடித்துக்கொள்ள சிலிக்காவும் இல்லை. இங்கே கைகொடுப்பது எம்டிபி என்ற பாஸ்பேட் மோனோமர். அதன் ஒரு முனை சிர்கோனியாவின் ஆக்சைடோடு பிணையும், மறுமுனை ஒட்டுப்பிசினான ரெசினோடு சேர்ந்து இறுகும்.

பிரிட்ஜ் செய்த லேபில் சாண்ட்பிளாஸ்ட் (நுண்துகளை வேகமாக அடித்துச் சுத்தமாக்கிச் சொரசொரப்பாக்குவது) செய்துதான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் வாயில் வைத்துப் பார்த்ததும் எச்சில் பட்டுவிடுகிறதே! எச்சிலில் உள்ள பாஸ்பேட், எம்டிபி உட்கார வேண்டிய இடங்களை முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் பாஸ்பேட்தானே, அதுவும் அதே இடங்களில்தான் போய் ஒட்டும். எனக்கு இந்த வேலையிலேயே முக்கியமான கட்டம் இதுதான். அதனால் பொருத்தம், நிறம், கடி எல்லாம் சரி என்று உறுதியான பிறகு இறக்கையின் உட்பக்கத்தை மார்க்கர் பேனாவால் தீட்டி, 50 மைக்ரான் அலுமினாவை ஒரு பார் அழுத்தத்தில், ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அடித்தேன். மை முழுவதும் போன பிறகுதான் நிறுத்தினேன். மை இருக்கும் இடத்தில் அலுமினா படவில்லை என்று அர்த்தம். அழுத்தத்தைக் கூட்டி அடித்தால் நுண்விரிசல் விழும். இறக்கை மெல்லியது என்பதால் அதில் ரொம்பவே கவனமாக இருந்தேன்.

அப்புறம் ஆல்கஹாலில் போட்டு அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்து, உலர்த்தி, எம்டிபி பிரைமரை மெல்லியதாகத் தடவிக் காற்றடித்தேன். அதன் பிறகு உட்பக்கத்தை விரலாலும் தொடவில்லை.

பல் பக்கம் வழக்கமான வேலைதான். எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் டேம் விரிப்பைப் போட்டு, பியூமிஸ் தூளால் தேய்த்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 30 விநாடி. கழுவி உலர்த்தியதும் எனாமல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. சிர்கோனியா வழியாக ஒளி குறைவாகத்தான் போகும் என்பதால் ஒளியாலும் தானாகவும் இறுகும் டூயல் கியூர் ரெசின் சிமெண்டை எடுத்தேன். பிரிட்ஜை அசையாமல் பிடித்துக்கொண்டு, பிதுங்கிய சிமெண்டை பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, ஓரங்களில் கிளிசரின் ஜெல் வைத்து எல்லாப் பக்கமும் லைட் காட்டினேன். காற்று பட்டால் ரெசினின் மேற்படலம் சரியாக இறுகாது, அதைத் தடுக்கத்தான் ஜெல்.

கடைசியில் கடியை மறுபடி பார்த்தேன். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது பொய்ப்பல் லேசாக உரசியது. அந்த இடத்தை மென்மையான வைர பர்ரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நன்றாக பாலிஷ் செய்தேன். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேயும்.