பழைய ஸ்லைடைத் திரும்பப் பார்த்தால்

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஸ்கிரீனிங்கில் மாதிரி எடுப்பது நர்ஸான எனக்குச் சுலபம். முடிவைச் சொல்வதுதான் சிரமம். ‘நார்மல்’ என்று கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். சோதனை சிலவற்றைத் தவறவிடும், இடையில் ரத்தக்கசிவு இருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் அதற்கப்புறம் காதில் ஏறாது. அதனால் அதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

கருப்பைவாய்ச் செல்களை ஸ்லைடு என்ற கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பாப் ஸ்மியர். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்பிவி சோதனை, அதைவிடக் குறைவாகவே தவறவிடுகிறது. 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனையைச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கூச்சத்தால் வராதவர்களும் வருகிறார்கள். ஆனால் படிவத்தில் இருப்பது கணவரின் போன் நம்பர் என்றால் முடிவு முதலில் அவருக்குத்தான் போகும். “உங்கள் கையில் இருக்கும் நம்பரா?” என்று கேட்பதைப் பழக்கமாக்கியிருக்கிறேன்.

சோதனை தவறவிட்டது பிறகு தெரியவந்தால்? அயர்லாந்தின் விக்கி ஃபெலனுக்கு 2011 ஸ்மியரில் கோளாறு இல்லை என்றார்கள். 2014இல் புற்றுநோய். அந்த ஆண்டே பழைய ஸ்லைடைத் திரும்பப் பார்த்ததில் முதல் முடிவு தவறு எனத் தெரிந்தது. அவருக்குச் சொன்னது 2017இல்! அவர் வழக்குப் போட்டார். அதைச் சமரசமாக முடிக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை. அதனால்தான் 2018இல் இன்னும் 200க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் இதே நிலை என்பது வெளியே வந்தது. நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை டாக்டர்களின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். கடுமையான பாதிப்புகளைக் கட்டாயம் தெரிவிக்க அங்கே 2023இல் சட்டம் வந்தது.

டாக்டர்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. புற்றுநோய் என்று தெரிந்துகொண்டு பார்க்கிற கண்ணுக்கு, முதலில் பார்த்தவருக்குத் தெரியாதது தெரியும். முடிவு மாறிவிட்டதாலேயே அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. சரி, அதையும் சேர்த்தே அந்தப் பெண்ணிடம் விளக்கலாமே. “மனசு தாங்காது” என்று அவர் சார்பில் நாமே முடிவெடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பிற்பாடு நோய் வந்து பழைய ஸ்லைடைத் திரும்பப் பார்க்க நேர்ந்தால் உங்களுக்குச் சொல்லட்டுமா என்று இப்போது ஒப்புதல் படிவத்திலேயே கேட்கிறோம். பெரும்பாலானவர்கள் சொல்லச் சொல்கிறார்கள். வேண்டாம் என்பவர்களும் உண்டு. அதையும் குறித்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புகிறோம்.