மண்ணுல ஸ்டார்ச் இல்ல, ஆனா கோதுமைக்கு நாள் குறிக்கிறது மண்ணுதான்

ரொம்ப நாளா ஒரு தப்பான நெனப்புல இருந்தேங்க. நல்ல மண்ணுல சத்து ஜாஸ்தி, அதை உறிஞ்சிதான் கோதுமை மணி திரளுதுன்னு. மணியோட எடையில 60லேர்ந்து 70 சதவீதம் வரைக்கும் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்துதான், ஆனா அந்த ஸ்டார்ச்சுல இருக்குற கார்பனும் ஆக்சிஜனும் காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடுலேர்ந்து வருது, மண்ணு வழியா வந்தது தண்ணியில இருந்த ஹைட்ரஜன் மட்டும்தான்!

அப்ப மண்ணுக்கு என்ன வேலைன்னா, பூ பூத்ததுக்கப்புறம் மணி பால் பிடிச்சு முத்துறதுக்கு சுமாரா 30, 40 நாள் ஆகும், அந்த நாள் பூரா இலை பச்சையா இருந்து சர்க்கரை அனுப்பிட்டே இருக்கணும், அதுக்குத் தண்ணி வேணும், அந்தத் தண்ணிய மண்ணு எத்தன நாளைக்கு வச்சிருந்து குடுக்கும்ங்கறதுதான் விஷயமே.

மணல் மண்ணு இங்கதான் கைவிட்டுரும். தண்ணி கீழ இறங்கிப் போயிரும், இலை முன்னாடியே காஞ்சிரும். மணிக்குள்ள ஸ்டார்ச் ரெண்டு சைஸ் துகளா உக்காரும், பெருசு பூத்த மொத வாரத்துலயே உருவாக ஆரம்பிச்சிரும், சின்னது அதுக்கு ஒரு வாரமோ பத்து நாளோ கழிச்சுதான் வரும். அதனால நாள் கொறஞ்சா பெரும்பாலும் அடி வாங்குறது இந்தப் பொடிசுங்கதான், இடுக்கு ரொம்பாம மணி சுருங்கிப் போகுது.

களிமண்ணு தண்ணிய நெறைய பிடிக்கும், ஆனா கஞ்சத்தனமும் ஜாஸ்தி, ஒரு பங்க வேருக்கு விடவே விடாது. தண்ணி தேங்கினா வேருக்கு மூச்சு முட்டி இலை மஞ்சளாயிரும், கடைசில அதே கதைதான். உவர் மண்ணுல தண்ணி கண்ணெதிர்லயே இருக்கும், வேரால இழுக்க முடியாது. நடுவுல இருக்குற வண்டல் கலந்த மண்ணுக்குத்தான் யோகம்.

இன்னொண்ணு, தமிழ்ல பாஸ்பரஸுக்கு மணிச்சத்துன்னு பேரு வச்சாச்சு, ஆனா ஸ்டார்ச் கட்டுற என்சைம் நல்லா ஓடுறதுக்கு பொட்டாசியம், அதாவது சாம்பல் சத்துதான் வேணும். அதைப் பிடிச்சு வைக்கிறதுலயும் மணல் வீக்குதான்.

எனக்கு ரொம்ப கடுப்பேத்துறது புரோட்டீன் சதவீதத்தப் பாத்து ஏமாறுறது. வறட்சி தாங்காத மண்ணுல வெளஞ்ச மணிய டெஸ்ட் பண்ணா புரோட்டீன் தூக்கலா காட்டும், உடனே "ஆஹா என்ன மண்ணு"ங்கறாங்க. சும்மா ஒரு கணக்கு போடுங்க, 45 மில்லிகிராம் மணியில 5 மில்லிகிராம் புரோட்டீன்னா 11 சதவீதம், மணி சுருங்கி 32 ஆகி புரோட்டீன் 4.5 ஆனா 14 சதவீதம். புரோட்டீன் நெசத்துல கொறஞ்சுதான் இருக்கு, ஸ்டார்ச் அதவிட அதிகமா கொறஞ்சிருக்கு, அவ்ளோதான். ஏன்னா புரோட்டீனுக்கான தழைச்சத்துல, அதாவது நைட்ரஜன்ல, பெரும்பங்கு பூக்குறதுக்கு முன்னாடியே இலையிலயும் தண்டுலயும் சேந்திருக்கும், அங்கேர்ந்து எறங்கி வந்துரும், ஸ்டார்ச்சுக்கு அப்படி இல்ல, தண்டுல கொஞ்சம் சர்க்கரை இருப்பு இருந்தாலும் முக்காவாசி அன்னன்னைக்கு சம்பாதிச்சு அன்னன்னைக்குப் போடுறதுதான்.

வெயில் ஏறினா ஸ்டார்ச் கட்டுற என்சைமே சோர்ந்துரும், அதுக்கு மண்ணு என்ன பண்ணும்னு கேப்பீங்க, ஆனா ஈரம் இருக்குற மண்ணுல செடி தண்ணிய ஆவியா விட்டு தன்னைத்தானே குளிர வச்சுக்கும், அதனால அதே வெயில்லயும் ஆழமான வண்டல்ல நிக்கிற கதிர் மணல்ல நிக்கிறதவிட கொஞ்சம் ஜில்லுனுதான் இருக்கும்.