டூல்ல அப்படித்தான் வந்திருக்கு சார்

நான் "ஆமா"னு சொல்லவே இல்ல. இதை எத்தனை தடவ மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டேன்னு கணக்கே இல்ல. ஆபீஸ் நெட்வொர்க்ல ஒரு பையன் மெஷின்ல இருந்து டோரன்ட் (ஒரு ஃபைல பல பேர்ட்ட இருந்து துண்டு துண்டா இறக்குற முறை) ஓடினதா ரிப்போர்ட். மேனேஜர் கேட்டது, "இது அவன் மெஷின்தான், டோரன்ட்தான், உறுதியா சொல்லலாமா?" நான் சொன்னது, "டூல்ல அப்படித்தான் வந்திருக்கு சார்." அவ்ளோதான். அதுல பொய் எதுவும் இல்ல. ஆனா அவர் காதுல அது "ஆமா"னுதான் விழும்னு எனக்கு அப்பவே தெரியும்ல?

ரிப்போர்ட் நான் ரெடி பண்ணது. நெட்வொர்க்ல போற டிராஃபிக்க எந்த ஆப், எந்த புரோட்டோகால்னு வகை பிரிக்க என்டிபிஐங்கற டூல ஓட்டிட்டிருந்தோம், பழைய ஓப்பன்டிபிஐல இருந்து பிரிஞ்சு வந்த லைப்ரரி. அது மேல எனக்கு கொஞ்சம் பக்தியே உண்டு. குயிக்னு ஒரு வெப் புரோட்டோகால், அதுல முதல் பாக்கெட்டே என்க்ரிப்ட் ஆகித்தான் வரும், ஆனா அதைத் திறக்குற கீயை அந்த பாக்கெட்லயே இருக்குற கனெக்‌ஷன் ஐடியையும் ஆர்எஃப்சி 9001ங்கற பொது ஸ்டாண்டர்ட்ல அச்சடிச்சு வெச்சிருக்குற சால்ட்ங்கற மாறாத எண்ணையும் வெச்சு யார் வேணா கணக்கு போட்டு எடுத்துடலாம், டூல் அதைச் செஞ்சு உள்ள இருக்குற சர்வர் பேரைப் படிச்சுக் காட்டும்போது முதல் தடவ அசந்து போயிட்டேன். ஒயர்கார்டுங்கற விபிஎன்னா இன்னும் சுலபம், ஹேண்ட்ஷேக்கோட (ரெண்டு மெஷினும் பேச ஆரம்பிக்கற அறிமுகம்) முதல் பாக்கெட் 148 பைட், முதல் பைட் 1, அடுத்த மூணும் சைபர். இப்படி பாத்துப் பாத்து, டூல் ஒரு பேர் சொன்னா அது அதுதான்னு பழகிடுச்சு.

ஆனா டூல் பேர் மட்டும் சொல்றதில்ல. எப்படி கண்டுபிடிச்சேன்னும் கூடவே சொல்லும். பாக்கெட்டுக்குள்ள பாத்தேனா, போர்ட் நம்பர (மெஷினோட வாசல் எண் மாதிரி) வெச்சு யூகிச்சேனா, முன்னாடி பாத்தது ஞாபகம் இருந்துச்சா, எல்லாத்துக்கும் டேபிள்ல கான்ஃபிடன்ஸ்னு தனியா ஒரு காலம் இருக்கும். அந்த கான்ஃபிடன்ஸ் காலத்த ரிப்போர்ட்ல இருந்து எடுத்தது நான். யாரும் எடுக்கச் சொல்லல. பேஜ் அகலத்துக்கு அடங்கல, மேனேஜ்மென்ட்ல யாரும் அதைப் படிக்கவும் போறதில்ல, அதான் எடுத்தேன். நியாயம்தானேனு இன்னிக்கும் பாதி மனசு சொல்லுது.

அன்னிக்கு சாயங்காலம் ஏதோ உறுத்தி ரா லாக்க, டூல் எழுதின அசல் பதிவ, தொறந்தேன். மெயில் அதுக்குள்ள மேல போயிடுச்சு. ரிப்போர்ட்ல "27 பிட்டோரன்ட் ஃப்ளோ"னு சிவப்புல இருந்ததுல (ஃப்ளோன்னா ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஒரு தனிப் பேச்சு) 25 கேஷ்ல, டூலோட ஞாபகத்துல, இருந்து வந்தது, அதாவது ஒரு ஐபி-போர்ட் ஜோடி பிட்டோரன்ட்னு ஒருக்கா தெரிஞ்சிட்டா அந்த ஜோடியோட அடுத்து பேசுற ஃப்ளோவுக்கும் அதே பேர ஒட்டிடும். ஒண்ணு வெறும் போர்ட் யூகம், 51413. அது ஒரு டோரன்ட் கிளையன்ட்டோட வழக்கமான போர்ட்தான், ஆனா பல மெஷினும் தற்செயலா எடுத்துக்கற 49152ல இருந்து 65535 வரைக்குமான ரேஞ்சுக்கு நடுவுலயும் அது விழுது, இதுல அது அவன் மெஷின் தரப்பு போர்ட் வேற. மீதி ஒண்ணே ஒண்ணுதான் பாக்கெட்டுக்குள்ள பாத்து சொன்னது.

அந்த ஒண்ணு நிஜம். அதுல சந்தேகம் வரல. பிட்டோரன்ட் ஹேண்ட்ஷேக் 19ங்கற பைட்ல ஆரம்பிக்கும், பின்னாடியே "பிட்டோரன்ட் புரோட்டோகால்"னு அந்த 19 எழுத்தும் அப்பட்டமா நிக்கும், அதைப் போய் யாரும் தப்பா எடுத்துக்க முடியாது. அப்போ டூல் சொன்னது சரி, நான் சொன்னதும் சரி, அப்புறம் என்ன உறுத்தல்?

உறுத்தல் இதுதான். அவன் டெஸ்டிங் பையன், கான்ட்ராக்ட்ல வந்தவன். புது புது லினக்ஸ் இமேஜ் (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) இறக்கிப் போடுறதுதான் பாதி வேலை. டெபியன், உபுன்டு எல்லாம் அவங்களே அதிகாரபூர்வமா டோரன்ட் ஃபைல் குடுக்குறாங்க. சினிமா இறக்கினானா இமேஜ் இறக்கினானானு புரோட்டோகால் பேர் சொல்லாது. ஹேண்ட்ஷேக்லயே 20 பைட் ஹாஷ் ஒண்ணு, இறக்குறதோட கைரேகை மாதிரி, போகும், அதைத் தேடினா எந்த ஃபைல்னு தெரிய வாய்ப்பு இருந்துச்சு, ஆனா நாங்க அதைச் சேவ் பண்ணல, பேரும் எண்ணிக்கையும் மட்டும்தான் வெச்சுக்கிட்டோம். சரி, அவனையே கேட்டிருக்கலாமேனா, கேக்கறது என் வேலையில்லனு நெனச்சேன். மேனேஜர் எனக்குத் தெரியும்னு நெனச்சிருப்பார். 27னு படிக்கறப்போ இருக்குற கனம் 1னு படிச்சா இருந்திருக்குமா? தெரியல. ஒண்ணா இருந்தாலும் ரூல்ஸ் ரூல்ஸ்தான்னு சொல்லியிருக்கவும் சான்ஸ் இருக்கு, அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

மறுநாள் அக்சஸ் கட். மாச கடைசில கான்ட்ராக்ட் நீட்டிக்கல. இதனாலதான்னு யாரும் வாய் தொறந்து சொல்லல, அந்த பேட்ச்ல இன்னும் ரெண்டு பேருக்கும் நீட்டிக்கல, அதனால இது இதனாலதான்னு நானும் அடிச்சு சொல்ல முடியாது. இந்த "அடிச்சு சொல்ல முடியாது" அன்னிக்கு மேனேஜர் கேட்டப்போ எங்க போச்சுனு தெரியல.

லேப்டாப்ப திருப்பிக் குடுக்க என்கிட்டதான் வந்தான். "அண்ணா, சார்ஜர் பின் கொஞ்சம் லூஸு, லேசா சாய்ச்சு சொருகணும், அடுத்து வாங்குறவங்கட்ட சொல்லிடுங்க"னான். டோரன்ட் பத்தி அவனும் பேசல நானும் பேசல. சைன் வாங்கிக்கிட்டேன். திரும்பி வந்த மெஷின அன்னிக்கே வைப் பண்ணிடணும், அதாவது உள்ள இருக்குறத எல்லாம் அழிச்சிடணும்ங்கறது புரோசீஜர். டவுன்லோட்ஸ் ஃபோல்டர ஒருக்கா தொறந்து பாக்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும், அட்மின் பாஸ்வேர்டும் என்கிட்டதான் இருந்துச்சு. மத்த நாள்ல புரோசீஜர்னா ரெண்டு மூணு நாள் தள்ளிப் போடுற ஆளு நான். அன்னிக்கு அவன் லிஃப்ட் கிட்ட போறதுக்குள்ள வைப் பண்ற யுஎஸ்பிய சொருகிட்டேன். சார்ஜர லேசா சாய்ச்சு சொருகினப்போதான் லைட் எரிஞ்சுது.