பட்டினத்துறையில் ஓர் ஆடி அமாவாசை

அப்பா போன பிறகு வந்த முதல் ஆடி அமாவாசைக்கு எங்கே போவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, ராமேஸ்வரம், வேதாரண்யம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா மட்டும், "பூம்புகார் போதும்டா. அவருக்கு அந்த ஊர்தான் பிடிக்கும்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அப்பா நாற்பது வருஷம் மளிகைக்கடை வைத்திருந்தவர். கல்லாப்பெட்டிக்கு மேலே பட்டினத்தார் படம் ஒன்று மாட்டியிருப்பார். கையில் பேய்க்கரும்பு, இடுப்பில் ஒரு துண்டு, கீழே 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்ற வரி. காலையில் கடை திறந்ததும் சாம்பிராணி காட்டுவது முதலில் அந்தப் படத்துக்குத்தான். அந்தப் பட்டினத்தார் பிறந்த ஊர் பூம்புகார் என்கிற காவிரிப்பூம்பட்டினம்.

மயிலாடுதுறையில் விடியற்காலை பேருந்து ஏறினோம். வழியில் மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணை வருகிறது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் ஒவ்வொரு ஊராக வயல்களுக்குப் பிரித்துக்கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு வந்து சேரும் இடம் அது. ஸ்ரீரங்கத்தில் அகலமான காவிரியைப் பார்த்தவர்கள் இங்கே பார்த்தால் நம்பமாட்டார்கள். ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான் ஆறு. அந்த வருஷம் தண்ணீர் வந்திருந்தது. பேருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சங்கமத்துறையில் நல்ல கூட்டம். கரையோரம் கொட்டியிருக்கிற கருங்கற்களைத் தாண்டி, ஆறும் கடலும் தொட்டுக்கொள்கிற மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சாஸ்திரிகள் முன்னால் நானும் உட்கார்ந்தேன். தர்ப்பைப் பவித்திரத்தை விரலில் மாட்டிவிட்டு, அப்பா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர் கேட்டார். முதல் இரண்டும் சட்டென்று வந்தன. மூன்றாவது வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா மெதுவாக எடுத்துக் கொடுத்தார். எள்ளும் நீரும் இறைக்கும்போது கை நடுங்கியது. ஈரக் கையில் ஒட்டிக்கொண்ட எள் விழவே மாட்டேன் என்றது. "இன்னும் கொஞ்சம் தீர்த்தம் விட்டு நன்னா விடுங்கோ" என்றார் அவர். விட்டேன். போயிற்று.

எழுந்து கடலுக்குள் இறங்கி மூன்று முழுக்குப் போட்டேன். முழங்கால் வரை வந்து நின்ற அம்மா, அலை இழுக்கும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். காலடி மணல் நழுவ நழுவ ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த ஊரைக் கடல் கொண்டதற்கு மணிமேகலை சொல்லும் காரணம், ஓர் அப்பாவின் துக்கம்தான். பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடி அலைந்த சோழன் இந்திரவிழா எடுக்க மறந்தான், அதனால் கடல் பொங்கி வந்தது என்பது அந்தக் கதை. படித்த நாளில் கதையாகத்தான் இருந்தது. கடலுக்குள் நின்று நினைத்தபோது அப்படித் தோன்றவில்லை.

அங்கிருந்து சாயாவனம். தேவாரத்தில் இதற்குத் திருச்சாய்க்காடு என்று பெயர். காசிக்குச் சமமாகச் சொல்லப்படும் ஆறு தலங்களில் ஒன்று. யானை ஏற முடியாதபடி கோச்செங்கட்சோழன் எடுத்த மாடக்கோயில். சாயாவனேஸ்வரரைத் தரிசித்துவிட்டு அம்மன் சன்னதிக்கு வந்தோம். குயிலினும் நன்மொழியம்மை. அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அதுவே அர்ச்சனை. வில்லேந்திய முருகனும் இங்கே உண்டு. இல்லை என்று எவருக்கும் சொல்லாத இயற்பகை நாயனார் இந்தப் புகாரின் வணிகர். அடியவர் வேடத்தில் வந்த இறைவன் அவர் மனைவியையே கேட்டபோதும் மறுக்காமல், எதிர்த்த சுற்றத்தாரோடு வாள்வீசிப் போராடி வழித்துணையாக வந்தார். இறைவன் அவருக்குக் காட்சி கொடுத்தது இந்தச் சாய்க்காட்டில்தான். ஆழம் காண முடியாத கதை அது. எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பிராகாரத்தில் நிற்கும்போது கேள்வி எழவில்லை, கைதான் குவிந்தது.

உச்சி வெயிலில் கலைக்கூடத்தில் கொஞ்ச நேரம் இருந்தோம். 1973-இல் கட்டிய ஏழுநிலை மாடம், சுவரெல்லாம் சிலப்பதிகாரச் சிற்பங்கள். அம்மாவுக்குக் கால் வலி, அதிகம் நடக்கவில்லை.

நான் மிகவும் பார்க்க விரும்பியது கீழையூர்ப் படகுத்துறை. 1960-களில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் மேடை அது. படகு கட்டுவதற்காக நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதியும் அங்கே கிடைத்தது. அந்த மரத்தின் காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு அளவில் என்று கணித்திருக்கிறார்கள். சங்கமத்துறையில் அவ்வளவு கூட்டம், இங்கே நாங்கள் இரண்டே பேர். இன்று நாம் போடும் செங்கல்லைவிட நன்றாக அகலமான கல். வெயிலில் காய்ந்து, ஓரம் தேய்ந்து, இடுக்கில் புல் முளைத்துக் கிடந்தது. பக்கத்தில் ஆறு இல்லை, படகு இல்லை. இப்படிப்பட்ட துறைகளில்தான் கடல் கடந்து குதிரை வந்து இறங்கியது, வண்டியில் மிளகு மூட்டை வந்தது, ஈழத்து உணவும் கங்கைக்கரைப் பொருளும் குவிந்தன. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். எனக்கு அந்தப் பட்டியலைவிட, அந்த வணிகர்களைப் பற்றி அவர் சொல்லும் ஒரு வரி பெரியது. 'கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது.' வாங்கும்போது கூடுதலாக வாங்க மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள்.

அம்மாவிடம் அந்த வரியைச் சொல்லி அர்த்தமும் சொன்னேன். கொஞ்ச நேரம் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பா தராசுத் தட்டு தாழ்ந்த அப்புறமும் ரெண்டு பருப்பு அள்ளிப் போடுவாரே, அதானே?" என்றார்.

அதேதான் அம்மா.

சாயங்காலம் நடை திறந்ததும் பல்லவனீச்சரம் போனோம். பல்லவனேஸ்வரர், சௌந்தரநாயகி. கோயில் பெரிதில்லை. அமாவாசை என்பதால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சம்பந்தர் இந்தத் தலத்துக்கு இரண்டு பதிகம் பாடியிருக்கிறார். ஒன்றில் கடைசிப் பாட்டைத் தவிர மற்ற பாட்டெல்லாம் 'இவர்தன்மை அறிவாரார்' என்றே முடியும். தெரிந்தவரைக்கும் மெல்லச் சொன்னேன். தீபாராதனை வெளிச்சத்தில் லிங்கத் திருமேனியில் வழிந்திருந்த விபூதி தெரிந்தது, அப்புறம் மறைந்தது. எத்தனை கப்பல் வந்துபோன ஊர், எத்தனை மாளிகை போன இடம் தெரியாமல் போன ஊர், இங்கே மட்டும் சம்பந்தர் பார்த்த அதே சாமிக்கு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

பட்டினத்தாருக்கு இங்கே தனிச் சன்னதி. கப்பலேறி வணிகம் செய்யப் போன வளர்ப்பு மகன் மருதவாணன், எருவராட்டி மூட்டைகளோடு திரும்பி, ஒரு பேழையைக் கொடுத்துவிட்டு மறைந்துபோகிறான். பேழைக்குள் காதறுந்த ஊசியும், அப்பா கடைப் படத்தில் இருந்த அதே வரி எழுதிய ஓலை நறுக்கும். அத்தனை செல்வத்தையும் அப்படியே விட்டுவிட்டு அவர் கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான். கடைசியில் அடங்கியதும் ஒரு கடற்கரை, திருவொற்றியூர். ஆடி மாதத்தில் அவருக்கு இங்கே விழாவும் எடுக்கிறார்கள்.

சன்னதி முன்னால் அம்மா அசையாமல் நின்றார். காலையிலிருந்து அழாதவர், அங்கேதான் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன், எதுவும் சொல்லவில்லை. குருக்கள் விபூதி கொடுத்தார். நெற்றியில் இட்டுக்கொண்டு மீதியைப் பையிலிருந்த நாள்காட்டித் தாளில் கொட்டி, நான்காக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"தம்பிகிட்ட கொடுக்கணும். நாளைக்குக் கடை திறந்ததும் கல்லாவுல வைக்கச் சொல்லு" என்றார். கடையை இப்போது தம்பிதான் பார்த்துக்கொள்கிறான்.

கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. "ஒருதரம் கடலைப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். போனோம்.