முகாமிலிருந்து மனநலப் பிரிவு வரை

சேலம் மாவட்டத்தில் குறுக்குப்பட்டி போன்ற ஊர்களில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில், 1990ஆம் ஆண்டையொட்டிப் படகேறி வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். அப்படியொரு முகாமில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பெடுக்கப் போய்ப் பழகியதில், போரில் அடிபட்ட மனத்துக்கு மருத்துவம் தேடவிடாமல் தடுப்பது அறியாமை மட்டும் அன்று என்று உணர்ந்தேன். "எங்களுக்கு மட்டுமே நடந்தது? பிள்ளையைப் பறிகொடுத்த சனமே பேசாமல் இருக்குது, நான் என்னத்தைச் சொல்லி அழ?" என்று ஓர் அம்மா கேட்டார். தன்னைவிட அதிகம் இழந்தவர் பக்கத்து வீட்டில் இருக்கையில், தன் வேதனைக்கு மருந்து கேட்கவே அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

போர் நடந்த பகுதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. ஆகவே எல்லாருக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிடக் கூடாது. அந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவரோ தலையிடி, நெஞ்சிடி, தூக்கமின்மை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்.

சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஆனால் அங்கே போய்வர, பெயின்ட் வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். செய்தி பரவினால் மகளுடைய கல்யாணப் பேச்சு நின்றுவிடுமோ என்று தாய் அஞ்சுகிறாள். தற்கொலைக்கு முயன்றவரைக்கூடப் போலீஸ் வழக்குக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்கள் உண்டு. கடும் மன அழுத்தத்தில் முயன்றவராகவே கருதி அவரைத் தண்டிக்காமல் விட வேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பொதுவிதி என்பதை, காவல்துறையின் பார்வையிலேயே காலம் கழித்தவர்களுக்கு யாராவது பொறுமையாக விளக்க வேண்டாமா?

டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையில், 14416 எண்ணில் இரவுபகலாக, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஆனால் மூன்று தலைமுறை முடங்கிக் கிடக்கும் ஒற்றை அறையில், யாரும் கேட்காமல் எங்கே நின்று பேசுவது?

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்தார். இங்கேயும் முகாமிலேயே பிறந்து பட்டம் பெற்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தனியறையில் உட்கார வைக்கலாம். தலையிடிக்கு மாத்திரை வாங்க வருகிறவரிடம், இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று அவர்களே கேட்கட்டும்.