மூணு மணி

ஜூலை 8
மூணு மணிக்குக் குளிர் ஆரம்பித்தது. அக்கா மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது. நாலரைக்கு எல்லாவற்றையும் உதறினேன். காய்ச்சல் 104. ராத்திரி வேர்வை, பனியனைப் பிழியலாம்.

ஜூலை 9
ஒன்றுமே இல்லை. நாலு இட்லி சாப்பிட்டேன். மாமா ஒரு மாதிரி பார்க்கிறார், நடிக்கிறேனாம்.

ஜூலை 10
அதே மூணு மணி. "முறைக்காய்ச்சல்டா இது, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்" என்று அப்பத்தா அன்றைக்கே சொன்னது. போன வாரம் ஒரு இடத்தில் டைபாய்டு என்று ஊசி போட்டு 1,800 ரூபாய் வாங்கினார்கள். உசிலம்பட்டி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி, கண்ணாடியில் தடவும்போதே கேட்டார்கள்: "வெளியூர் போயிருந்தீங்களா?" ஒடிசா, முறுக்கு வேலை. வைவாக்ஸ் மலேரியா. அங்கேயே குளோரோகுயின் நாலு மாத்திரை. கசப்பு இன்னும் தொண்டையில்.

ஜூலை 11
நாலு மாத்திரை. குமட்டல். முறை நாளைக்கு.

ஜூலை 12
இன்று இரண்டோடு குளோரோகுயின் முடிந்தது. இரண்டரையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பத்து நிமிஷம் முன்னால் ஓடும் என்று தெரிந்தும். 3.10க்கு லேசாகக் குளிர். 100.4. மருந்து கேட்கவில்லையோ என்று அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினேன். "காய்ச்சலை மட்டும் பாக்காதீங்க, ரத்தத்தைப் பாப்போம்" என்று மறுபடி குத்தினார்கள். கிருமி இருக்கிறது, ஆனால் ரொம்பக் குறைந்திருக்கிறது. சிவப்பணுவுக்குள் வளர்ந்து 48 மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்தாற்போல உடைத்துக்கொண்டு வெளியே வருமாம். அதுதான் என் மூணு மணி. உடைக்க ஆள் குறைந்ததால்தான் இன்றைக்கு வெறும் 100.4. சரி, நம்புகிறேன்.

ஜூலை 13
ஜி6பிடி பரிசோதனை, அடுத்த மாத்திரை என் ரத்தத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்ப்பது, சரியாக இருக்கிறதாம். இன்றிலிருந்து பிரைமாகுயின், 15 மில்லிகிராம், 14 நாள். ரத்தத்தில் ஒழிந்தாலும் ஈரலில் சிலது தூங்கிக்கொண்டிருக்குமாம், மாதக்கணக்கில். சிறுநீர் கறுத்தால் உடனே வரச் சொன்னார்கள். நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 14
மூணு மணி. 98.4. மூன்றரை. 98.4.

ஜூலை 17
ரத்தத் தடவலில் ஒன்றும் இல்லை. தூங்குகிறவன் தடவலில் தெரிவானா? கேட்டேன். தெரியமாட்டானாம்.

ஜூலை 19
தெருவில் எல்லார் தொட்டியிலும் அபேட், கொசுப்புழு மருந்து, ஊற்றினார்கள். எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியது. ஒட்டுவாரொட்டியா இது?

ஜூலை 24
முதலாளி மூன்று தடவை போன் பண்ணினார், எடுக்கவில்லை. மாத்திரை இன்னும் இரண்டு நாளைக்கு இருக்கிறது.