ஒன்றாம் வகுப்புக்கு வந்து திரும்பிப் போன அப்பத்தா

இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் எனக்குப் பதினோரு பிள்ளைகள். பள்ளி திறந்த ஜூன் 2, 2025 அன்று பத்துப் பேருக்குக் காகிதக் கிரீடம் வைத்து, கற்கண்டு கொடுத்து, தாம்பாளத்தில் பரப்பிய நெல்லில் ‘அ’ எழுத வைத்து உள்ளே கூட்டிக்கொண்டேன். பதினோராவது பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பினேன். இன்னமும் அது மனதை விட்டுப் போகவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஆசிரியர்கள் இரண்டே பேர். நான்கு, ஐந்தாம் வகுப்பு தலைமையாசிரியரிடம். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். சேர்க்கை மார்ச்சிலேயே தொடங்கிவிட்டாலும் எங்கள் ஊரில் பாதிப் பேர் பள்ளி திறக்கும் அன்றுதான் வருவார்கள். அன்றைக்கே எமிஸில், அதாவது கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளத்தில், எல்லா விவரமும் ஏற்றி முடிக்க வேண்டும் என்று காலையிலிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்துகொண்டே இருந்தது. கையில் போன், எதிரே வரிசை.

அந்த அப்பத்தா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பையனுக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, காலைவிட ஒரு விரல் பெரிதாகப் புதுச் செருப்பு. மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டு, ஆதார், பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். சான்றிதழில் பிறந்த தேதி இருந்தது, அப்பா அம்மா பெயர் இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

“அப்பத்தா, இதுல பேர் இல்லையே. பேர் சேர்த்துட்டு வாங்க, சேர்த்துக்கலாம்.”

“பேரு இல்லாமலா டீச்சர் இவனை வீட்டுல கூப்பிடுறோம்?”

அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். “நான் என்ன செய்ய, கம்ப்யூட்டர் கேக்குதே” என்றேன். அவர் தாள்களைத் திரும்பப் பையில் வைத்தார். பையன் மேசை ஓரம் இருந்த கிரீடங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றை எடுத்து அவன் தலையில் வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஊருக்குள் வரும் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் பெற்றோர் கூட்டம். ஜூன் 11, புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு என்று பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்பினேன். இருபத்தெட்டு வீடுகளிலிருந்து வந்தது நான்கு பேர், அதிலும் இரண்டு பேர் தாத்தாக்கள். தோரணம் கட்டி, நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு வைத்திருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாத ஊர் என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்.

காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “பத்தரைக்கு வெச்சா யாரு டீச்சர் வருவா? எல்லாரும் கண்மாய் வேலையில போட்டோவுக்கு நிப்பாங்க” என்றார். நூறு நாள் வேலையில் காலையில் ஒரு முறை, மதியத்துக்கு மேல் ஒரு முறை போட்டோ எடுத்து ஏற்றுவார்கள். அதில் முகம் இல்லையென்றால் அன்றைய கூலி கிடையாது. 2025-26-க்கு அறிவித்திருந்த கூலி 336 ரூபாய். என் கூட்டத்துக்கு வருவதென்றால் அதை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். நான்கு வருடமாக இந்த ஊரில் வேலை பார்க்கிறேன், இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அக்கா அதோடு விடவில்லை. “அந்த அப்பத்தா பேரன் தினம் காலையில பையை மாட்டிக்கிட்டுத் திண்ணையில உக்காந்திருக்கான். நம்ம மணி அடிக்கிறது அங்க வரைக்கும் கேக்கும்ல.”

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பத்தா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு, தாமதமாகிவிட்டதற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டு பஸ் மாறி ஈ-சேவை மையத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். முதல் தடவை சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் தடவை, மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டு, “குழந்தை திருப்பூர்ல பிறந்திருக்கு, இதெல்லாம் அங்கதான் போகணும்” என்று தாளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் பெயர் சேர்க்க வேண்டும் என்பது சரிதான். அதை முதல் நாளே சொல்ல அந்த மனிதருக்கு என்ன கஷ்டம்? நானும்தான் சொல்லவில்லை. சான்றிதழின் தலைப்பிலேயே ஊர் இருந்தது. பையனின் அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. லீவு போட்டால் சம்பளம் போகும்.

இப்போது இந்த நிலையில் இருக்கும் வீடுகளுக்கும், என்னைப் போல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அது. ஆஸ்பத்திரி அல்லது கிராம செவிலியர் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, அதுவும் இல்லையென்றால் பெற்றோரோ பாதுகாவலரோ எழுதித் தரும் உறுதிமொழி, இதில் ஏதாவது ஒன்று போதும். ஆதார் இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது, 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பது முதல் 12 மாதத்துக்குள் என்றால் இலவசம், அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அதை அவர்கள் சாவகாசமாகச் செய்துகொள்ளட்டும், பிள்ளை அதுவரை வகுப்பில் இருக்கட்டும்.

எனக்கு இதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்ததுதான். அந்தப் பையன் மூன்று வருடம் போன அங்கன்வாடி எங்கள் பள்ளிச் சுவரை ஒட்டியே இருக்கிறது. பதிவேட்டில் அவன் பெயரும் பிறந்த தேதியும் தெளிவாக இருந்தன. ஜூன் 2 அன்று ஐந்து நிமிடம் எழுந்து நடந்திருந்தால் முடிந்திருக்கும்.

ஜூன் 12, வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். உறுதிமொழித் தாளை வாசித்துக் காட்டிவிட்டு, மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அப்பத்தா அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கேட்டார். 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது கல்குவாரியில் சல்லி உடைத்துவிட்டு ராத்திரியில் எழுதப் படித்தவராம். சைக்கிளும் அப்போதுதான் கற்றுக்கொண்டாராம். தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி வைக்க மறக்காமல், கோட்டுக்கு மேலேயே பெயரை எழுதி முடித்தார். மையைத் தள்ளிய என் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் கூட்டத்தைத் திரும்ப வைத்தேன். டைரியில் எழுதவில்லை, சமைக்கும் அக்கா தெருத் தெருவாகச் சொன்னார். வேப்ப மரத்தடியில் ஒரு டியூப் லைட், தரையில் ஜமுக்காளம். இருபத்து மூன்று வீட்டிலிருந்து வந்தார்கள். தாள் எதுவும் கேட்கவில்லை. உங்கள் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதை ஒன்று சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். “இடது கையாலதான் எழுதுவா, மாத்தச் சொல்லி அடிச்சுடாதீங்க டீச்சர்” என்றார் ஓர் அம்மா. இன்னொரு பையன் கழிவறைக்குத் தனியாகப் போகப் பயப்படுவானாம். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வகுப்பிலேயே நனைத்துக்கொள்வான் என்று அவன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எமிஸில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. என் நோட்டில் நான்கு பக்கம் எழுதினேன்.

எமிஸுக்காகப் பெற்றோரின் போன் எண்ணை உறுதி செய்யும் வேலையைக் கடைசியில்தான் எடுத்தேன். ஓடிபி கேட்டதும் ஓர் அம்மா, “யாருக்கும் சொல்லாதேன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க” என்று போனை மறைத்துக்கொண்டார். அவர் செய்தது சரி. என் போனை அவர் கையில் கொடுத்து, எதற்கு இது என்று காட்டி, அவரையே அடிக்கச் சொன்னேன். மற்றவர்களுக்கும் அப்படியே. அரை மணி நேரம் கூடுதலாக ஆனது, ஆகட்டும். வெளியூரில் இருக்கும் அப்பாக்களின் எண்ணை உறுதி செய்வதை ராத்திரி எட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஷிப்ட் நேரத்தில் எடுக்க மாட்டார்கள்.

அன்று அப்பத்தா முன் வரிசையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் உள்ளே போய்த் தாம்பாளத்தை எடுத்து வந்து நெல்லைப் பரப்பினேன். அவன் விரலை நான் பிடிக்கப் போனேன். அவன் கையை இழுத்துக்கொண்டு அப்பத்தாவிடம் நீட்டினான். இருவரும் சேர்ந்து ‘அ’ எழுதினார்கள். மீதமிருந்த ஒரே கிரீடம் அவன் தலைக்குப் பெரிதாக இருந்தது, பின்னால் ஒரு மடிப்பு மடித்து ஊக்கு குத்தினேன்.

திருப்பூரில் பெயர் சேர்க்கும் வேலை இன்னும் முடியவில்லை. அடுத்த லீவில் அவன் அப்பா போவதாகச் சொல்லியிருக்கிறார். என்னென்ன தாள் எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். பையன் மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறான்.